கேமரா எச்சரிக்கை தாமதமாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

வாசலுக்கு வந்தவர் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போன பிறகு, "வாசலில் யாரோ இருக்கிறார்" என்று செல்பேசி சொன்னால் யாருக்கு என்ன லாபம்? இந்தக் கோளாறு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் கேமராவைத் திட்டுவது. அடுத்தது அதை ரீசெட் செய்வது. திட்டுவதால் நட்டம் ஒன்றுமில்லை. ரீசெட் செய்தால் அசைவு மண்டலம் (படத்தின் எந்தப் பகுதியில் அசைவைக் கவனிக்க வேண்டும் என்ற அமைப்பு), உணர்திறன் என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும். தாமதமோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். காரணம், பல வீடுகளில் கோளாறு சுவரில் மாட்டிய கேமராவில் இல்லை, சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை வந்து சேரும் பாதையைப் பாருங்கள். கேமரா அசைவை உணர வேண்டும். செய்தி வைஃபை வழியே ரௌட்டருக்கும், அங்கிருந்து கேமரா நிறுவனத்தின் சர்வருக்கும் போக வேண்டும். அந்தச் சர்வர் பொதுவாக உங்கள் செல்பேசியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் சேவையிடமும், ஐஃபோன் என்றால் ஆப்பிளின் புஷ் சேவையிடமும் செய்தியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தச் சேவை தட்டும்போது செல்பேசி விழித்துக்கொண்டு அறிவிப்பைக் காட்ட வேண்டும். இத்தனை கை மாறும் செய்தி எந்தக் கையில் தங்கிவிடுகிறது என்று பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

முதலில் மூன்று நேரங்களைக் குறியுங்கள்

ஒன்று, ஆள் கேமரா முன்னால் கடந்த நேரம். இரண்டு, செயலியின் நிகழ்வுப் பட்டியலில் அந்தப் பதிவு தோன்றிய நேரம். மூன்று, செல்பேசி ஒலித்த நேரம். வீட்டில் ஒருவரைக் கேமரா முன்னால் நடக்கச் சொல்லுங்கள். இன்னொரு சாதனத்தில் செயலியைத் திறந்து வைத்து நிகழ்வுப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் செல்பேசி திரை அணைந்து மேசையில் கிடக்கட்டும்.

இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். செல்பேசியைக் கையில் பிடித்து, திரையைப் பார்த்துக்கொண்டே சோதிக்கிறார்கள். விழித்திருக்கும் செல்பேசியில் அறிவிப்பு டக்கென்று வரத்தான் செய்யும். "இப்போது சரியாகிவிட்டது" என்று நிம்மதியாக எழுந்து போவார்கள். மறுநாள் பழைய கதைதான். சார்ஜரிலிருந்து கழற்றி, ஓரிடத்தில் அசையாமல், ஒரு மணி நேரமாவது தொடாமல் வைத்த பிறகு சோதிப்பதுதான் சோதனை.

அறிவிப்பின் ஓரத்தில் காட்டும் நேரத்தையும் நம்ப வேண்டாம். சில செயலிகள் அறிவிப்பு வந்த நேரத்துக்குப் பதிலாக நிகழ்வு நடந்த நேரத்தை அங்கே போட்டுவிடும். செல்பேசி ஒலித்ததை நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் கடிகாரமே தவறாக ஓடினால் மற்ற கணக்கெல்லாம் வீண். அதைச் சரிபார்ப்பது எளிது: இன்னொரு செல்பேசியில் வினாடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, கேமரா முன்னால் சிறிது நேரம் பிடியுங்கள். பிறகு அந்தப் பதிவை ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். படத்துக்குள் தெரியும் கடிகாரமும், படத்தின் மூலையில் கேமரா பொறித்திருக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். முழுமுழு மணிக்கணக்கிலோ அரை மணிக்கணக்கிலோ விலகியிருந்தால் நேர மண்டலம் தவறு. சில நிமிடங்கள் விலகியிருந்தால் கேமரா இணையத்திலிருந்து நேரத்தைப் பெறவில்லை என்று பொருள். தானாக நேரம் பெறும் வசதியை இயக்குங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால், நேரச் சேவை பயன்படுத்தும் யுடிபி 123ஆம் போர்ட்டை (இணையச் செய்திகள் போய்வரும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) ரௌட்டர் தடுக்கிறதா என்று பாருங்கள்.

இனி முடிவைப் படிக்கலாம். பதிவே ஆள் பாதி கடந்த பிறகுதான் தொடங்குகிறது என்றால் கோளாறு கேமராவில். பதிவு சரியாக இருந்தும் பட்டியலில் தாமதமாகத் தோன்றினால் வைஃபை, இணைய இணைப்பு, நிறுவனத்தின் சர்வர் ஆகிய மூன்றில் ஒன்று. பட்டியலில் உடனே தோன்றிவிட்டது, செல்பேசி மட்டும் பிந்தி ஒலிக்கிறது என்றால் ஏணியை எடுத்துக்கொண்டு கேமராவிடம் போகத் தேவையில்லை.

செல்பேசியைக் கையில் எடுத்ததும் எல்லா எச்சரிக்கைகளும் ஒன்றாகக் கொட்டுகின்றன

மிக அதிகமாகக் காணும் அறிகுறி இதுதான். சர்வர் அனுப்பிவிட்டது; செல்பேசி தூங்கிக்கொண்டிருந்தது.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் 'டோஸ்' என்ற உறக்க முறை இருக்கிறது. சார்ஜரில் இல்லாத செல்பேசி, திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் அது பின்னணி வேலைகளை நிறுத்திவைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் விழித்துக்கொள்ளும். 'உயர் முன்னுரிமை' என்று குறித்து அனுப்பப்பட்ட செய்தி இந்த உறக்கத்தைக் கலைக்கும். சாதாரண முன்னுரிமையில் வந்தது அடுத்த விழிப்பு வரை காத்திருக்கும். எந்த முன்னுரிமையில் அனுப்புவது என்பது செயலியை எழுதியவர்கள் முடிவு. அதை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது செல்பேசியின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது.

2018இல் ஆண்ட்ராய்டு 9 இன்னொரு முடிச்சைப் போட்டது: எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து, அரிதாகத் திறப்பவற்றைக் கடைசி வரிசைக்குத் தள்ளும். கேமரா செயலி ஒழுங்காக வேலை செய்யும் வரை அதை யார் திறக்கிறார்கள்? ஒழுங்காக இருந்ததற்கே தண்டனை.

செய்ய வேண்டியவை: செல்பேசியின் அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா சேவர் இயங்கினால் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். செல்பேசி முழுவதற்குமான பேட்டரி சேமிப்பு எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். இதற்கு மேலும் செல்பேசித் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. சாம்சங் செல்பேசிகளில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்ற பட்டியல்களில் கேமரா செயலி இருந்தால் அகற்றுங்கள். ஷவோமி போன்றவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி தனியாக இருக்கிறது. இயக்கமுறை புதுப்பிக்கப்பட்ட பிறகு இவற்றில் சில பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. நன்றாக இருந்தது திடீரென்று கெட்டால் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்து நிறுத்திய செயலிக்கு, அதை நீங்கள் மறுபடி திறக்கும் வரை புஷ் செய்தி எதுவும் வந்து சேராது. சில செல்பேசிகளில் அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே இதே விளைவுதான். நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் 'கிளீனர்' செயலிகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு பாதுகாப்புக் கேமராவும் வைத்துக்கொள்வது எனக்குப் புரியாத விஷயம். கிளீனரை நீக்கிவிடுங்கள்.

ஐஃபோனில் கதை வேறு. 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்த 'ஷெட்யூல்டு சம்மரி', அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து நீங்கள் குறித்த வேளையில் மொத்தமாகக் கொடுக்கும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எச்சரிக்கைகள் மூட்டையாக வந்தால் ஐயமே வேண்டாம், அந்தப் பட்டியலிலிருந்து கேமரா செயலியை வெளியே எடுங்கள். அதே பதிப்பில் வந்த 'ஃபோகஸ்' முறைகளில் கேமரா செயலியை அனுமதிக்கப்பட்டவற்றில் சேர்த்து, 'டைம் சென்சிட்டிவ்' அறிவிப்புகளை இயக்கிவையுங்கள். இன்னொன்று: செல்பேசி இணைப்பில் இல்லாதபோது வரும் செய்திகளில் ஆப்பிளின் சேவை ஒரு செயலிக்கு ஒன்றை மட்டுமே சேமித்துவைக்கும். அதனால் விமானத்திலிருந்து இறங்கிச் செல்பேசியை இயக்கினால், ஆண்ட்ராய்டுகாரருக்கு எச்சரிக்கைகள் குவியும்போது ஐஃபோன்காரருக்கு ஒன்றுதான் வரும். மற்றவற்றைச் செயலிக்குள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே இருந்தால் உடனே வருகிறது. வீட்டு வைஃபையில் இருந்தால் தாமதம்

தலைகீழாகத் தோன்றும், ஆனால் துப்புத் துலக்க எளிதான அறிகுறி. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் விட்டுச் சோதியுங்கள். தாமதம் மறைந்தால் கேமராவும் சர்வரும் செல்பேசியின் பேட்டரி அமைப்பும் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும், ரௌட்டர்தான் மிச்சம்.

புஷ் செய்திகள் வருவதற்காகச் செல்பேசி கூகுளின் அல்லது ஆப்பிளின் சேவையுடன் ஓர் இணைப்பை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது. அந்த இணைப்பில் நெடுநேரம் பேச்சே இருக்காது. சில ரௌட்டர்கள் பேச்சில்லாத இணைப்பைச் செத்துவிட்டதாக எண்ணி, இரு பக்கத்துக்கும் சொல்லாமல் தங்கள் அட்டவணையிலிருந்து துடைத்துவிடும். செல்பேசி இணைப்பு இருப்பதாக நம்பிக் காத்திருக்கும். அடுத்த முறை 'இருக்கிறாயா?' என்று தானே தட்டிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிந்து புதிய இணைப்பை ஏற்படுத்தும். அதுவரை வந்ததெல்லாம் வெளியே நிற்கும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று காரணம் புரியாத தாமதங்களில் ஒரு பங்கு இதனால்தான்.

ரௌட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இயங்கும் மென்பொருளை, புதுப்பித்து, ஒருமுறை அணைத்து இயக்குங்கள். ஃபயர்வால் பகுதியில் டிசிபி இணைப்பின் காலாவதி நேரம் என்று ஏதாவது இருந்தால் கூட்டுங்கள். ஃபயர்பேஸ் 5228, 5229, 5230 ஆகிய போர்ட்களையும் ஆப்பிளின் சேவை 5223ஐயும் பயன்படுத்துகின்றன. வெளியே செல்லும் வழியில் இவை அடைபட்டிருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான கட்டுப்பாடுகளை இறுக்கிவைத்திருக்கும் வீடுகளிலும் அலுவலக வைஃபையிலும் இவை அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். விளம்பரத் தடுப்பு, விபிஎன், 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது.

எப்போதும் ஒரே அளவு தாமதம்

ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு வினாடி, கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்றால், அந்தக் கருவி செயல்படும் விதமே அதுதான் என்று கொள்ளலாம். ஆனாலும் குறைக்க வழி உண்டு.

அறிவிப்போடு ஒரு படமும் வருகிறதா? அந்தப் படம் சர்வருக்கு ஏறி முடியும் வரை பல கருவிகள் அறிவிப்பை அனுப்புவதில்லை. செயலியில் எழுத்து மட்டும் போதும் என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாறுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அடுத்து, மனிதரா, வாகனமா, விலங்கா என்று பிரித்தறியும் வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கேமராவுக்குள்ளேயே நடந்தால் விரைவு. காணொளியைச் சர்வருக்கு அனுப்பி அங்கே ஆராய்ந்து சொல்வதாக இருந்தால் அதற்கான நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எல்லா அசைவுக்கும் எச்சரிக்கை என்று மாற்றினால் வேகம் கூடும், ஆனால் பூனைக்கும் கிளைக்கும் சேர்த்து ஒலிக்கும். பேட்டரியில் இயங்கும் கேமரா ஒவ்வொரு முறையும் உறக்கத்திலிருந்து எழுந்து வைஃபையில் சேர்ந்த பிறகுதான் வாய் திறக்கும். ஓரிரு வினாடி அங்கேயே கழிந்துவிடும்.

வந்தவரை அந்தக் கணமே எச்சரிக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இணையத்தைச் சுற்றி வரும் எச்சரிக்கையை நம்ப வேண்டாம். கேமராவிலேயே இருக்கும் சைரனையோ விளக்கையோ அசைவுடன் இணைத்துவிடுங்கள். அதற்கு ரௌட்டரும் தேவையில்லை, சர்வரும் தேவையில்லை.

பதிவில் முதுகு மட்டுமே தெரிகிறது

எச்சரிக்கை வருகிறது, திறந்து பார்த்தால் ஆள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார். பேட்டரி கேமராக்களில் சாதாரணமாகக் காணும் காட்சி. இவற்றில் பெரும்பாலானவை உடல் வெப்பத்தின் மாற்றத்தை உணரும் பிஐஆர் சென்சாரை வைத்தே விழித்துக்கொள்கின்றன. அந்தச் சென்சாருக்குக் குறுக்கே நடப்பவர் நன்றாகத் தெரிவார். நேராக அதை நோக்கி நடந்து வருபவர் மிக அருகில் வரும்வரை சரியாகத் தெரியமாட்டார். நடைபாதையின் நேர் எதிரே, வருபவரின் முகத்தைப் பார்த்தாற்போல் கேமராவை மாட்டினால் படம் அழகாக இருக்கும், எச்சரிக்கை பிந்தும். பாதை படத்தின் குறுக்கே ஓடும்படி கோணத்தைத் திருப்புங்கள். உயரம் இரண்டு, இரண்டரை மீட்டர் அளவில் இருக்கட்டும். மாடி உயரத்தில் மாட்டினால் சென்சாருக்கு எட்டாது.

கடும் வெயில் நேரத்தில் மட்டும் இப்படி நடந்தால் வியப்படைய வேண்டாம். சுற்றுப்புறமும் உடலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும்போது சென்சாருக்கு வேறுபாடு தெரியாது. உணர்திறனைக் கூட்டினால் ஓரளவு சரியாகும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கவைத்தால் பிஐஆர் சென்சார் வேலையே செய்யாது. அதற்கு அமைப்பில் மருந்து கிடையாது.

முதல் எச்சரிக்கை சரி, அடுத்தடுத்தவை வருவதில்லை

ஒருமுறை எச்சரித்த பிறகு குறிப்பிட்ட நேரம் வாயை மூடிக்கொள்ளும் இடைவெளி அமைப்பு பல கேமராக்களில் இருக்கிறது. 'கூல்டவுன்', 'ரீட்ரிக்கர்', 'அலர்ட் இன்டர்வல்' என்று பல பெயர்கள். ஐந்து நிமிடம் என்று இருந்தால் முப்பது வினாடிக்குக் குறைத்துப் பாருங்கள். பேட்டரி வேகமாகக் கரையும், அவ்வளவே.

அதற்கு முன்னால், அந்த முதல் எச்சரிக்கை எதற்காக வந்தது என்று பதிவைத் திறந்து பாருங்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு அருகே காற்றில் ஆடும் ஒற்றை நூல் அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் கயிறாகத் தெரியும், கேமராவும் பதறிப்போய் எச்சரிக்கும். அந்த இடைவெளி முடிவதற்குள் உண்மையான ஆள் வந்து போயிருப்பார். ஒரு துணியால் துடைப்பதுதான் வைத்தியம். ஆடும் கிளைகளையும் சாலையையும் அசைவு மண்டலத்திலிருந்து விலக்குங்கள்.

குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் தாமதம்

மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் தொடங்குகிறது என்றால் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். பதிவிறக்கம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கேமராவுக்குத் தேவைப்படுவது பதிவேற்றம். யாருடைய செல்பேசியோ வைஃபையில் சேர்ந்தவுடன் அன்றைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால், கேமராவின் சின்னஞ்சிறு செய்தி அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். காப்பெடுக்கும் வேலையை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், அல்லது ரௌட்டரில் கேமராவுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வைஃபை அலைவலிமையைப் பல கேமரா செயலிகளே காட்டும். டிபிஎம் என்ற அலகில் அது மைனஸ் 60 அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 75ஐயும் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் செய்திகள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுத் தாமதமாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். மெஷ் வைஃபை (பல முனைகள் சேர்ந்து வீடு முழுவதும் பரப்பும் வைஃபை) இருக்கும் வீட்டில், அருகில் உள்ள முனையை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ளதைக் கேமரா பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கலாம். கேமராவை ஒருமுறை அணைத்து இயக்கினால் பெரும்பாலும் அருகில் உள்ளதற்கு வந்துவிடும்.

இருட்டியதும் தொடங்கினால் இன்னொன்றையும் பாருங்கள். அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். அடாப்டர் வலுவற்றதாகவோ, யுஎஸ்பி கேபிள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தாலோ மின்னழுத்தம் இறங்கி, கேமரா தானாகவே அணைந்து மறுபடி இயங்கும். பகலில் நாள் முழுதும் சோதித்தாலும் இது அகப்படாது. செயலியின் பதிவேட்டில் இரவில் 'ஆஃப்லைன்' என்ற குறிப்பு அடிக்கடி இருந்தால், கேமராவுடன் வந்த அடாப்டரையும் அதன் சொந்தக் கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

அறிவிப்பு வந்திருக்கிறது, ஒலிதான் கேட்கவில்லை

இதைத் தாமதம் என்று எண்ணுபவர்கள் பலர். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலிக்குள் அறிவிப்புகள் வகைவகையாகப் பிரிந்திருக்கின்றன; 'மோஷன்' வகை மட்டும் ஓசையற்றதாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவிய செயலி அறிவிப்புக்கு அனுமதி கேட்கும், அவசரத்தில் மறுத்திருப்போம். 'டூ நாட் டிஸ்டர்ப்' நேர அட்டவணையையும் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் கட்டியிருப்பவர்களுக்கு, ஐஃபோன் பூட்டியிருக்கும்போது அறிவிப்பு மணிக்கட்டுக்குத்தான் போகும்.

ஒருவர் செல்பேசியில் உடனே, மற்றவர் செல்பேசியில் பிந்தி

கேமராவையும் இணையத்தையும் விட்டுவிடலாம். பிந்தும் செல்பேசியின் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துத் தானாக எச்சரிக்கையை இயக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். செல்பேசி வீட்டை விட்டு விலகிவிட்டது என்பதை இருப்பிட உணர்வு புரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அந்த ஏற்பாடு 'வீட்டில்தான் இருக்கிறார்' என்று நினைத்து எச்சரிக்கையை அடக்கிவைக்கும். வீட்டைப் பூட்டிக் கிளம்பிய முதல் சில நிமிடங்கள்தான் எனக்குக் கவலை தருபவை என்பதால், இந்த வசதியை நான் பரிந்துரைப்பதில்லை. கையால் இயக்குவதே மேல்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் தாமதம்

மொபைல் டேட்டாவில், கட்டுப்பாடு தளர்த்திய செல்பேசியில், நல்ல வைஃபை கிடைக்கும் கேமராவிலிருந்தும் நிகழ்வுப் பட்டியலே பிந்தித்தான் நிரம்புகிறது என்றால் பந்து நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. கணக்கை வேறு பிரதேசச் சர்வருக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சர்வரின் தொலைவால் கூடுவது ஒரு வினாடிக்கும் குறைவு. நிமிடக் கணக்கான தாமதத்துக்கு அது காரணமாக முடியாது.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது "எச்சரிக்கை லேட்டாக வருகிறது" என்று மட்டும் எழுதினால், "ரீசெட் செய்து பாருங்கள்" என்ற பதில்தான் வரும். கேமராவின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, செயலியின் பதிப்பு, செல்பேசியின் இயக்கமுறை, வைஃபை அலைவலிமை ஆகியவற்றோடு, குறைந்தது மூன்று நிகழ்வுகளுக்கு ஆள் கடந்த நேரம், பட்டியலில் தோன்றிய நேரம், செல்பேசி ஒலித்த நேரம் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். நேர மண்டலத்தையும் குறிப்பிடுங்கள். அவர்களுடைய சர்வரின் பதிவுகள் வேறு மண்டலத்தில் இருக்கக்கூடும்.